கோப்பி மீண்டும் வருகின்றது, காணி யாருக்கு?

இலங்கை மலைநாட்டில் கோப்பிப் பயிருக்கு மீண்டும் ஒரு காலம் கனிந்து வருகின்றது. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வீட்டு வளவின் மூலையிலும் மிளகுக் கொடியின் அருகிலும் கேட்பாரற்று நின்ற செடிக்கு இன்று மதிப்பு ஏறியிருக்கின்றது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் அதனைத் தன் பயிர்களுள் ஒன்றாக வளர்க்க முனைகின்றது. கொழும்பிலும் கண்டியிலும் உள்நாட்டுக் கோப்பியை ஊர்ப்பெயர் சொல்லி விற்கும் கடைகள் தோன்றியுள்ளன. நியூயோர்க் சந்தையில் அராபிக்கா விலை 2025 பெப்ரவரியில், வரலாற்றில் முதன்முறையாக, ஒரு றாத்தலுக்கு 4 டொலரைக் கடந்தது. ஆகவே, முதல் வைத்திருப்போரின் பார்வை மறுபடியும் மலைச்சரிவுகளின் பக்கம் திரும்புகின்றது.

இதனைக் கண்டு மகிழ்வோர் மகிழட்டும். நாமும் மகிழவே விரும்புகின்றோம். ஆனால், மகிழ்வதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இனி நடப்படும் கோப்பிச் செடி யாருடைய காணியில் நிற்கப் போகின்றது?

மண்கும்பான் மணலில் இருந்துகொண்டு மலைநாட்டுக் கோப்பியைப் பற்றிப் பேச உமக்கென்ன உரித்து என்று எவரேனும் கேட்கலாம். எங்கள் மணலில் கோப்பி முளையாது என்பது உண்மையே. அராபிக்காவுக்கு மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும் குளிரும் மழையும் வேண்டும்; எமக்கு வாய்த்தவை பனையும் புகையிலையும் கடலுமே. ஆயினும், வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்த கோப்பி இறங்காத வீடு தீவகத்தில் இல்லை. வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் புறப்பட்ட எம்மவர் தென்னிலங்கை நகரங்களெங்கும் கடை வைத்து வாழ்ந்தனர்; அக்கடைகளிற் பலவற்றின் வியாபாரம் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தைக் கொண்டே நடந்தது. அந்தத் தொழிலாளியின் பாட்டனை இத்தீவுக்கு அழைத்து வந்த பயிர் தேயிலையன்று, கோப்பி. ஆதலால், இது எமக்குப் புறத்தேயான விடயமன்று.

சட்டம் செய்த தோட்டம்

கோப்பி இந்நாட்டுக்குப் புதிதாக வந்த செடியன்று. ஆங்கிலேயர் வருமுன்னரே கண்டி நாட்டார் வீட்டருகே அதனை வளர்த்தனர். ஒல்லாந்தரும் முயன்று பார்த்தனர். பெருந்தோட்டப் பயிராக அது உருவெடுத்தது 1820களிலேயாம். தேசாதிபதி எட்வேர்ட் பான்ஸ் ஊக்கமளிக்க, கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் தோட்டம் திறந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்கே விளைச்சல் வீழ்ந்தது. 1835 இல் பிரித்தானியா கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் தீர்வையைச் சமமாக்கியது. இலங்கை மலைகளின் மேல் ஆங்கில முதல் வெள்ளமெனப் பாய்ந்தது.

பணம் வந்தது, காணி எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து வந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தைச் சட்டம் பயின்ற ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் ஆகிய அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். நிரூபிக்கும் பாரம் எவன் தலையில் ஏற்றப்பட்டது? எழுத்தில் உறுதி வைத்திராத, வழக்கத்தினால் மட்டுமே ஆண்டனுபவித்து வந்த, கண்டிக் குடியானவன் தலையில்! சேனை வெட்டிய காடும் மாடு மேய்ந்த பற்றையும் ஒரு வாக்கியத்தால் அவனுடையவை அல்லவாயின. அந்நிலம் ஆரம்பத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்கு விலைப்பட்டது. சட்டத்தை நிறைவேற்றும் கடமை பூண்ட அரசாங்க உத்தியோகத்தரே காணி வாங்கிக் கோப்பித் துரைமாருமாயினர்.

இதில் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. அக்காலக் கோப்பி ஏற்றுமதியிற் கணிசமான பங்கு துரைமார் தோட்டத்திலிருந்து வந்ததன்று. சிங்களக் கிராமத்தவர் தம் வளவில் விளைவித்தது. அவர்கள் கடன் வாங்கிக் காடழிக்கவில்லை, ஆள் பிடிக்கவில்லை, பலாவுக்கும் கமுகுக்கும் இடையில் நட்டனர், பறித்தனர், விற்றனர். சிறு காணிக்காரனால் கோப்பி விளைவிக்க முடியும் என்பதற்கு இத்தீவின் வரலாறே முதற் சாட்சி.

நடந்து வந்தவர்கள்

தோட்டம் திறந்த துரைக்குக் கைகள் வேண்டியிருந்தன. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் மக்களைத் திரட்டினர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, நூற்றைம்பது மைல் வரையிலான காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் வழியெங்கும் உயிர் குடித்தன. 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் ஏடு கணக்கிட்டெழுதியது. அப்பாதையை நினைவுகூர்ந்து, மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். நடந்தவர்களின் கையில் அன்றும் காணியுறுதி இல்லை; இன்றும் பெரும்பாலாருக்கு இல்லை.

சட்டம் இங்கும் வாளாவிருக்கவில்லை. 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைக் குற்றவாளியாக்கின. ஒப்பந்தத்தை மீறியவனுக்கு நட்டஈட்டு வழக்கே உரியது என்பது குடியியற் சட்டத்தின் அரிச்சுவடி. கோப்பித் தோட்டத்திலோ ஒப்பந்தத்தை மீறினால் மறியல்! கடனைத் தீர்த்தாலன்றித் துண்டு கிடையாது. துண்டின்றி வேறு தோட்டம் ஏற்காது. அத்துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. இவ்வாறு, ஒரு சட்டம் சிங்களக் குடியானவனிடமிருந்து காணியைப் பறித்தது. மற்றொரு சட்டம் தமிழ்த் தொழிலாளியை அக்காணியோடு பிணைத்தது. இழந்தவனும் பெறவில்லை, உழைத்தவனும் பெறவில்லை. இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகையென்று காட்டியே அரசியல் நடத்தியோர் பின்னாளில் எத்தனை பேர்!

இலையில் விழுந்த துரு

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலையின் அடியில் செம்மஞ்சட் பொடி ஒன்று காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்னும் அறிஞர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். துரைமார் அதனை "நாசகார எமிலி" என்று நகையாடினர். நகைக்கக் காரணம் இருந்தது: 1870 இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது, விலையும் ஏறியது. விளைவு குறையக் குறைய, விலையேற்றம் அக்குறையை மறைத்தது. நோய் கண்ட பின்னரும் புதுக் காடுகளை அழித்து நட்டுக்கொண்டே போயினர். 1878 அளவில் கோப்பி நின்ற பரப்பு 275,000 ஏக்கர்.

1880 இல் வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, இலைத் துளியில் முளைத்து இலைத் துளை வழியே நுழையும் பூஞ்சணமே நோயின் மூலம் என நிறுவினார்; மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே காற்றில் வரும் நோய்க்கு விருந்து வைத்ததாயிற்று என்றும் எடுத்துரைத்தார். அவ்வுரை காலங்கடந்து வந்தது. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1890 அளவில் ஏற்றுமதி முன்னிருந்ததில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. உலகுக்குக் கோப்பி ஊட்டிய நாட்டில் 1972 இல் கோப்பிக்குப் பொறுப்பாக அமைந்த திணைக்களத்தின் பெயர் யாது தெரியுமா? சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம்!

இதே துரு மைசூருக்கும் குடகுக்கும் போயிற்று. அங்கே கோப்பி அழிந்துவிட்டதா? இல்லை. நிழல் மரங்களின் கீழ்ப் பயிரிடும் வழக்கம் அங்கே நிலைத்தது. 1925 இல் பாலெஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். நோயை ஓரளவு தாங்கும் எஸ்.795 என்னும் வகையை 1940களில் உருவாக்கினர். 1942 இல் கோப்பிச் சட்டம் இயற்றிக் கோப்பிச் சபையை நிறுவினர். இன்று இந்தியாவின் கோப்பிக் காணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவை 25 ஏக்கருக்குட்பட்ட சிறு காணிகளே. காணிக்குரியவன் அக்காணியிலேயே வாழ்ந்தால் நோய் வந்தாலும் நின்று பொருதுவான்; இலாபத்துக்கு வந்தவன் இலாபம் போனதும் வேறு பயிரைத் தேடுவான்.

கோப்பிக் காலத்துக் கண்

கோப்பிக்கு அறுவடைக் காலமே பெருவேலைக் காலம். ஆகவே, அக்காலத் தொழிலாளர் பலர் பருவத்துக்கு வந்து பருவம் முடிய ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தரும் பயிர். கொழுந்து பறிக்க ஆண்டு முழுதும் கைகள் வேண்டும், குடும்பங்கள் நிலைத்தன, குழந்தைகள் பிறந்தனர், இறந்தோர் இம்மண்ணிலேயே புதைந்தனர். பயிர் மாறியபோது மக்களும் வழிப்போக்கர் என்னும் நிலையினின்று குடிகளாயினர்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் செய்ததென்ன? தேயிலைக் காலத்து மக்களைக் கோப்பிக் காலத்துக் கண்ணாற் பார்த்தது. பிறந்து, உழைத்து, வாக்களித்து வந்தோரை நேற்று வந்து நாளை போவோர் என்று கருதியது. 1949 இன் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களின் வாக்கைப் பறித்தது. கேகாலையில் வாக்காளர் இடாப்புத் திருத்தும் அதிகாரி ஒருவர் அச்சட்டங்கள் செல்லா என்று துணிந்து தீர்ப்பளித்தார். 1951 இல் உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. 1953 இல் கோடாகன்பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சிலும், தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு உரியதே என்று கூறி, அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவின் காப்பு இங்கே செல்லாது என்றது. 1964 உடன்படிக்கையில் இரு அரசாங்கங்கள் 975,000 உயிர்களைத் தொகை போட்டுப் பங்கிட்டன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடேயே அந்தக் கறை பெரும்பாலும் நீங்கியது.

பிரசாவுரிமை திரும்பியது, காணியுரிமை வந்ததா? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அப்பொழுது அங்கே வாழ்ந்தவர்க்குக் காணி பங்கிடப்பட்டதில்லை. பல தோட்டங்களில் அவர்கள் விரட்டவே பட்டனர். 1977 மே மாதம், தோட்டக் காணிகளைச் சுவீகரித்து வெளியாருக்குப் பகிர்வதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் பொலிஸாரின் குண்டுக்கு உயிரீந்தார். 1992 இல் தோட்ட நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. 53 ஆண்டுக் குத்தகைகள் எழுதப்பட்டன. அரசு நில உரிமையாளன், கம்பனி குத்தகைக்காரன். இருநூறு ஆண்டு உழைத்தவன் யார்? லயன் அறையில் இருக்க இடங்கொடுக்கப்பட்டவன். சட்டத்தின் பார்வையில் அவனுக்கு அதற்கு மேல் ஒரு பெயரில்லை.

யுன்னான் காட்டும் வழி

வெளியுலகைப் பார்ப்போம். சீனத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணமே இன்று அந்நாட்டுக் கோப்பியில் ஏறத்தாழ முழுவதையும் விளைவிக்கின்றது. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொணர்ந்த சில செடிகள் அங்கே நெடுங்காலம் ஒரு கிராமத்து வழக்கமாகவே இருந்தன. 1980களின் இறுதியில் அரசாங்க முயற்சியும் உலக நிறுவனங்களின் உதவியும் நெஸ்லே கம்பனியின் கொள்முதலும் சேர, கோப்பி மலைகளில் ஏறியது. தேயிலைக்குப் பெயர்பெற்ற பூஅர் நகரமே அதன் தலைமை நிலையமாயிற்று. இலங்கையிற் கோப்பி போய்த் தேயிலை வந்தது. அங்கே தேயிலை நாட்டிற் கோப்பியும் வந்தது!

யுன்னானில் நடப்பட்ட வகை பெரும்பாலும் கட்டிமோர். தீமோர் தீவில் 1920களில் தானாகக் கலந்து தோன்றிய ஒரு செடியைக் கொண்டு, துரு நோயைத் தாங்குமாறு போர்த்துக்கலில் உருவாக்கப்பட்ட கலப்பினம் அது. மடுல்சீமையில் அன்று தென்பட்ட பொடியே, நூறாண்டு கழித்துச் சீனத்து உழவன் எச்செடியை நடவேண்டும் என்று நிச்சயித்தது. 1970 இல் பிரேசிலை எட்டியதும், 2012 இல் மத்திய அமெரிக்க உழவரை வாட்டியதும் அதே பொடிதான்.

காணி விடயத்தில் அங்கே நிலைமை யாது? நிலம் கிராமத்தின் கூட்டுடைமை. பயன்படுத்தும் உரிமை ஒப்பந்தத்தின்படி குடும்பத்துக்குரியது. அது முழு உரிமையன்று. எனினும், செடி நட்டவன் அதன் பயனுக்குரியவன் என்னும் அளவுக்கு அது பற்றுக்கோடு தருகின்றது. அங்கும் துன்பமுண்டு. விலை நியூயோர்க்கில் நிச்சயமாவதால், சந்தை வீழ்ந்த ஆண்டுகளிற் பலர் செடிகளை வெட்டினர். பின்னர்ச் சீன நகரங்களிலேயே கோப்பி குடிப்போர் பெருகவே, தரமான கோப்பிக்கு உள்நாட்டிலேயே நல்ல விலை கிடைக்கும் நிலை பிறந்தது. உள்நாட்டுச் சந்தை உடையவன் அந்நியச் சந்தையின் அடிமையாகான் என்பதே நாம் இதிற் கொள்ளும் பாடம்.

வியட்நாமும் ஒரு பாடம். 1986 க்குப் பின் சீர்திருத்தம் செய்து, 1993 காணிச் சட்டத்தால் குடும்பங்களுக்கு நிலப் பயன்பாட்டுச் சான்றிதழ் வழங்கிய அந்நாடு, சிறு உழவரின் கையால் உலகின் இரண்டாவது கோப்பி நாடாயிற்று. ஆனால், மிகுவிளைச்சலுக்காக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததால் மலைக் கிணறுகள் வற்றின. இப்பாடத்தை மண்கும்பானுக்கு எவரும் புகட்ட வேண்டியதில்லை. மணலுக்குள் மழை நீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவோடு அள்ளினால் அமுதம், பேராசையோடு இறைத்தால் உவர். மண்ணுக்கொரு பொறுதி உண்டு. அதனை மீறிய பயிர் எதுவும் நிலைத்ததில்லை.

ஆட்சேபங்களும் விடையும்

தோட்டத்தைத் துண்டாடினால் உற்பத்தி வீழும் என்பர் சிலர். இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பங்கை இன்று விளைவிப்போர் யார்? தென்பகுதிச் சிறு காணிக்காரர்! காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் சிறு காணிக்காரன் கைக்கு வந்த பயிர், அதனை நூற்றைம்பது ஆண்டு வளர்த்த மலையகத் தமிழன் கைக்கு மட்டும் வாராதோ?

தொழிலாளிக்கு முதலில்லை, நிருவாகத் திறனில்லை என்பர் வேறு சிலர். உறுதி இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? முதலில்லாமைக்குக் காரணமே காணியில்லாமை. காரணத்தை வைத்துக்கொண்டு காரியத்தைப் பழிப்பது நியாயமன்று.

அயற் கிராமத்துச் சிங்களவரும் காணியற்றவர்; தமிழருக்குக் கொடுத்தால் பொறாமை விளையும் என்பது மூன்றாவது ஆட்சேபம். இதனை நாம் தள்ளிவிட மாட்டோம். 1840 இல் இழந்தவரின் வழித்தோன்றலுக்கும் பங்குண்டு. கைவிடப்பட்ட தோட்டக் காணிகள் மலைநாட்டில் இருக்கின்றன. லயத்தில் வாழ்வோருக்கும் அயற் கிராமத்தில் வாழ்வோருக்கும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே அளவுகோலாற் பங்கிடுக என்றே கேட்கின்றோம். ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றவரை விரட்டிய 1970களின் கொடுமை மீண்டும் நிகழலாகாது.

நாம் கேட்பவை

முதலாவது, காணி. வீட்டுக்கென 7 பேர்ச் காணி என்பது பல ஆண்டாகப் பேசப்பட்ட அளவு. ஓர் ஏக்கர் 160 பேர்ச். இரண்டு மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஆயிரம் செடி. ஆகவே 7 பேர்ச்சில், வீடே கட்டாமல் நட்டாலும், நாற்பத்து நான்கு செடிதான் நிற்கும்! குடும்பத்துக்கு அரை ஏக்கரேனும் கொடுத்தால் ஐந்நூறு செடி நிற்கும். செடிக்கு அரைக் கிலோ பருப்பென்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஆண்டுக்கு 250 கிலோ. தோட்டச் சம்பளத்தை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு இது ஒரு முதுகெலும்பு.

இரண்டாவது, அக்காணிக்கு அனுமதிப்பத்திரமன்று, உறுதி வேண்டும். அனுமதிப்பத்திரம் கொடுப்பவன் கையில் கயிறு; உறுதி பெற்றவன் கையில் உரிமை. யாழ்ப்பாணத்தில் நாம் எழுதும் உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் கூட விடாமற் குறிக்கின்றோம். அதே திட்பத்தோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும், காணிப் பதிவகத்திற் பதியப்பட்ட உறுதிகள் மலையகத்துக்கும் எழுதப்படல் வேண்டும். கொழுந்து கொய்து இந்நாட்டை வாழ்வித்தவள் பெண். அவள் பெயர் இல்லாத உறுதி அரை உறுதி.

இதில் வணிக நியாயமும் உண்டு. காடழித்து விளைந்த கோப்பி முதலிய பொருள்களைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஓர் ஒழுங்குவிதி இயற்றியது. அதன் அமுலாக்கம் ஒருமுறைக்கு மேற் பின்போடப்பட்டிருப்பினும், அதன் கோட்பாடு தெளிவானது: பொருள் விளைந்த நிலம் இன்னதென்று காட்டவும், நாட்டின் காணிச் சட்டத்துக்கு அமைய விளைந்ததென்று நிறுவவும் வேண்டும். நேற்று வரை அறமாக இருந்த காணியுறுதி, நாளை ஏற்றுமதிக்கும் அடிப்படையாகும்.

மூன்றாவது, கூட்டுறவு. கோப்பிப் பழம் பறித்த அன்றே தோல் நீக்கப்படாவிடில் தரம் கெடும். அதற்கு இயந்திரமும் நீரும் காயவிடும் களமும் வேண்டும். தனியொருவனால் இயலாது. இவை இல்லாதவன் பழத்தைத் தரகனுக்கு அன்றைய விலைக்கே தள்ளிவிடுவான். ஆந்திரத்து அரக்கு மலையிற் பழங்குடி மக்கள் சிறு காணிகளில் விளைவித்துச் சேர்ந்து பதப்படுத்திய கோப்பி 2019 இல் புவிசார் குறியீடு பெற்று உலகப் பெயர் எய்தியது. அது மலையகத்துக்கும் இயலும்.

நான்காவது, மீண்டும் ஒரே பயிர் என்னும் மடமை வேண்டா. தேயிலையைப் பிடுங்கிக் கோப்பி நடுக என்று நாம் சொல்லவில்லை. நிழல் மரமும் மிளகும் பலாவும் இடையிருக்க, துருவைத் தாங்கும் வகைகளே நடப்படல் வேண்டும். செங்குத்துச் சரிவிலும் நீரூற்றுக் காட்டிலும் கத்தி படலாகாது. நட்ட செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டாகும். அதுவரை குடும்பத்துக்கு உதவுதொகை வேண்டும். 1989 இல் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை சரிந்தது. 2001 இல் விலை றாத்தலுக்கு 50 சதத்துக்குங் கீழ் வீழ்ந்தது. அந்த 50 சதமும் இந்த 4 டொலரும் ஒரே பயிரின் விலைகளே! ஏறிய விலையைக் கண்டு மயங்கி நடுபவன், 1870களின் துரைமார் செய்ததையே செய்பவனாவான்.

ஐந்தாவது, மொழி. 13 ஆம் திருத்தத்தின்படி 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. நாற்றும் நோயும் மானியமும் பற்றிய அறிவுரை தமிழில், தமிழறிந்த உத்தியோகத்தரால், லயத்து வாசலுக்கே வரல் வேண்டும்.

தீவக மக்களுக்கு ஒரு சொல்

யாழ்ப்பாணத்தாரில் ஒரு சாரார் மலையகத்தை நெடுங்காலம் வேற்று நாடாகவே எண்ணினர். கணக்கப்பிள்ளையாகவும் உத்தியோகத்தராகவும் கடைக்காரராகவும் சென்றோர், லயத்தின் வாசலில் நின்றதோடு சரி. 1948 இல் அங்கே பற்றிய தீ எங்கே வந்து முடிந்தது என்பதைத் தீவகத்தார் அனைவரும் அறிவர். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தென்னிலங்கையில் எரிந்த கடைகளில் எத்தனை எம்மவருடையவை! அந்நாட்களில் லயத்துத் தமிழனும் கடைத் தமிழனும் ஒரே வழியில் ஓடினர். 1990 இல் தீவகமே வெறிச்சோடியபோது, காணியும் கிணறும் விட்டுப் போவது என்னவென்று நாமும் கண்டோம். போனவர்க்கேனும் திரும்பி வந்து காட்ட உறுதி இருந்தது. அதுவும் இல்லாதவன் நிலை எத்தகையது என்று ஒருகணம் எண்ணுக.

செய்வதற்குப் பணியுண்டு. தொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் எம்மவர் நடத்தும் கடைகளில் மலையகச் சிறு காணிக்காரனின் கோப்பி, அவன் தோட்டத்தின் பெயரோடு, நியாய விலையில் நிற்கட்டும். அதனருகே தீவகத்துப் பனங்கட்டியும் நிற்கட்டும். சட்டம் கற்றோர் மலையகக் காணி வழக்குகளுக்குத் தம் நேரத்தில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். எம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வடக்கின் காணியைக் கேட்கும் அதே மூச்சில் மலைநாட்டின் காணியையும் கேட்கட்டும். பறித்த காணியைத் திருப்பிக் கேட்பதற்கும் பெறாத காணியைக் கேட்பதற்கும் நியாயம் ஒன்றே.

கோப்பி முதன்முறை வந்தபோது காணி துரைக்கும் கல்லறை தொழிலாளிக்கும் என்று பங்கிடப்பட்டது. இரண்டாம் முறை வரும்போதும் அப்பங்கீடே நிகழுமாயின், துரு இலையில் அன்று, நம் நீதியில் பிடித்திருக்கின்றது என்றே வரலாறு எழுதும். கம்பனிகளின் குத்தகைக்கு இன்னும் ஆண்டுகள் உள்ளன. கோப்பிச் செடிக்கு வேண்டியவை நான்கே ஆண்டுகள். முதல் நாற்று நடப்படும் முன் முதல் உறுதி எழுதப்படல் வேண்டும்.